ஒன்றரை வயதுப் பையன் கிரிப்பிலிருந்து ஏறிக் குதிக்கப் பார்க்கிறான். ஸ்லீப் சாக் போட்டுத் தூங்க வைக்கலாமா? அது குழந்தைக்குக் கொடுமையா?

போடலாம். கொடுமை இல்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். அந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சுற்றிலும் கம்பி வைத்த குழந்தைக் கட்டிலைக் கிரிப் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருப்பார்கள், அல்லது வீடியோ காலில் பார்த்துவிட்டு, “பிள்ளையை ஏன் இப்படிக் கட்டிப் போட்டிருக்கிறாய்?” என்று கேட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் “கொடுமையா” என்ற சொல் உங்கள் கேள்விக்குள் வந்திருக்காது. என் வீட்டிலும் அந்தச் சொல் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. எதையும் விற்கவும் வரவில்லை. திருப்பூரில் குழந்தைகளின் இரவு உடைகளை மட்டுமே தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் எடுப்பதிலிருந்து அனுப்புவது வரை பார்ப்பவளாக இருந்தேன். என் அம்மா இருபது வருடம் வேறொரு கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த உடைகளை அளந்து பிழை பார்க்கும் வேலை பார்த்தவர். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்தபின் பையன் பிறந்தான். துணி, தையல், அளவு இவை தெரிந்த ஒருத்தியின் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப் சாக் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: மேலே கையில்லாத பனியன் மாதிரி, கீழே அடி மூடிய பை, முன்னால் ஜிப். போர்வையை உடம்போடு சேர்த்துத் தைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் கிரிப்பில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது என்பது இங்கே குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. போர்வை முகத்தில் ஏறினால் அதை விலக்கத் தெரியாத வயது அது. கிரிப்பைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளைக்கூட 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? அதற்கு வந்ததுதான் இந்த சாக். ஏறிக் குதிப்பதைத் தடுக்கும் என்பது பெற்றோர்கள் பிறகு கண்டுபிடித்த உபயோகம். பையின் அடி மூடியிருப்பதால் காலை அகட்டிக் கம்பிக்கு மேல் போட முடியாது.

என் பையன் விழுந்தது ஒரு ஜனவரி இரவு. அப்போது அவனுக்கு 19 மாதம், உயரம் 82 சென்டிமீட்டர். மெத்தையைக் கடைசித் தட்டுக்கு இறக்கியாகிவிட்டது. இங்கே கிரிப் செய்ய விதி உண்டு. மெத்தையைக் கடைசித் தட்டில் வைத்தால், அந்தத் தட்டிலிருந்து மேல் கம்பி வரை குறைந்தது 66 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் மெத்தை போட்டால் மிச்சம் 51. என் பையன் நின்றால் கம்பி அவன் நெஞ்சுக்கு வந்தது. ஏறிவிட மாட்டான் என்று தைரியமாக இருந்தேன், சாக்கும் போட்டிருந்தேனே.

என் தப்பு அந்த சாக்கில்தான் இருந்தது. அவனுக்கு வேண்டியது லார்ஜ். நான் எடுத்தது எக்ஸ்ட்ரா லார்ஜ். வளர்கிற பிள்ளை, இன்னொரு வருடம் வரட்டும், முப்பது டாலர் கொடுத்து எடுக்கிறோமே என்ற கணக்கு. தீபாவளிக்குப் பாவாடை தைத்தால் மூன்று மடிப்பு உள்ளே விட்டுத் தைக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தப் பழக்கம் கடையில் தானாக வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். அரிசி மூட்டையைத் தரையில் இறக்கிய மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒரு நொடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம்தான் அவன் அழுதான். ஓடிப்போய்த் தூக்கினேன். கீழுதட்டில் மேல்பல் இரண்டும் பதிந்து ரத்தம். சாக்கின் அடிப்பகுதி அவன் காலைத் தாண்டி அரை முழம் தனியாகத் தொங்கியது. கேமராப் பதிவைப் பார்த்தபோதுதான் எப்படி ஏறினான் என்று புரிந்தது. தொளதொளவென்று கிடந்த துணியை ஒரு கையால் ஓரமாகச் சுருட்டிப் பிடித்தான். கிடைத்த இடத்தில் வலது காலைத் தாராளமாக மேலே தூக்கினான். துணியோடு சேர்த்துக் குதிகாலைக் கம்பியில் மாட்டி உந்தினான். சரியான அளவாக இருந்திருந்தால் கால் பாதி உயரம்கூடப் போயிருக்காது.

அம்மா அப்போது ஆறு மாதத்துக்கு எங்களோடு வந்திருந்தார். வந்த நாளிலிருந்தே அவருக்கு அந்த சாக் பிடிக்கவில்லை. “ஏங்கண்ணு, பையனைக் கோணிச் சாக்குல போட்டுக் கட்டி வெச்ச மாதிரி இருக்குது, பாவமா இல்லையா உனக்கு?” என்பார். தூளி கட்டலாம் என்றால் இந்த வீட்டு உத்திரத்தில் கொக்கி மாட்ட விட மாட்டார்கள். அதனால் விழுந்த மறுநாள் காலை “நாஞ் சொன்னேனல்ல” என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, சமையலறை மேசையில் போட்டு, இரண்டு கையாலும் நீவிச் சமன் செய்தார். செக்கிங் டேபிளில் பீஸை எடுத்துப் போடுகிற அதே கை. தையல் டப்பாவிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார், அக்குளை அளந்தார், தோளிலிருந்து அடி வரை அளந்தார். பிறகு பையனை நிற்க வைத்து அவனையும் அளந்தார்.

“இது இவன் சைசே இல்லியே. கழுத்துல என் நாலு வெரலும் உள்ள போகுது. ஆறு வருசம் என்ன வேலை பாத்தே நீ?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏறியது கூடப் பரவாயில்லை. கழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தால் தூக்கத்தில் குழந்தை உள்ளே சரிந்து, முகம் துணிக்குள் போகலாம். எதைத் தடுக்க சாக் வாங்கினோமோ அதுவே நடக்கும். இது தெரிந்தவள் நான். பணம் கட்டும்போது தோன்றவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். பல நாளாக மனதில் இருப்பது.

அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைக்குத் தீப்பிடிப்பது பற்றித் தனி விதி 1970-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. துணித்துண்டை நிமிர்த்தி மாட்டி, அடியில் 3 நொடி நெருப்பு காட்டுவார்கள். கருகியது சராசரியாக 17.8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 50 முறை துவைத்த பிறகும் அதே சோதனையில் தேற வேண்டும். இதற்காகத் துணியில் ட்ரிஸ் என்ற ரசாயனத்தை ஏற்றினார்கள். 1977-ல் ஆர்லின் புளூம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று எழுதினார்கள். அந்த வருடமே குழந்தை உடைகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். பிறகு 1996-ல் ஒரு விலக்கு வந்தது. உடம்போடு ஒட்டிய உடையாக இருந்தால் ரசாயனம் ஏற்றாத பருத்தியிலும் தைக்கலாம். தளர்ந்த துணிதான் அடுப்பிலும் மெழுகுவர்த்தியிலும் போய்ப் படும். உள்ளே காற்றும் இருப்பதால் குபீரென்று பற்றும். ஒட்டிய துணிக்குள் அந்தக் காற்று இல்லை.

அந்த விலக்கைப் பெற ஏழு இடத்தில் அளவு சரியாக இருக்க வேண்டும்: மார்பு, இடுப்பு, பிட்டம், மேற்கை, தொடை, மணிக்கட்டு, கணுக்கால். ஒவ்வொரு சைசுக்கும் உச்ச அளவு உண்டு, அதைத் தாண்டக் கூடாது. கடையில் பைஜாமாவோடு ஒரு மஞ்சள் அட்டை தொங்குமே, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இது தீத்தடுப்புத் துணி இல்லை என்று, அது இதற்காகத்தான். ஷிப்மெண்ட்டுக்கு முந்தைய ராத்திரி பதினோரு மணிக்கு மணிக்கட்டு அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று மொத்த லாட்டையும் பிரித்து, ஓவர்லாக் அடித்தவர்களைத் திரும்ப உட்கார வைத்து, செக்கிங் அக்காக்கள் நின்றுகொண்டே ஒவ்வொரு கையாக அளந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைக்க ஆளில்லாத பெண்கள் அவர்கள்.

இங்கே பூங்காவில் ஒரு தமிழ்ப் பெண்ணே என்னிடம் சொன்னார்: “நம்ம ஊரில் தைத்தது பாருங்கள், துணியை மிச்சம் பிடித்து இறுக்கமாகத் தைத்திருக்கிறார்கள். நான் எப்போதும் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பேன்.” எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் துணி திருடவில்லை. அந்த இறுக்கத்துக்காகத்தான் அத்தனை பேர் கண் விழித்தார்கள். இரண்டு சைஸ் பெரிதாகப் போட்டால் அந்த உழைப்பும் வீண், பாதுகாப்பும் போச்சு. துவைத்தால் பருத்தி கொஞ்சம் சுருங்கும், உண்மை. அதற்கு, அடுத்த சைஸுக்குக் கொஞ்சம் முன்னதாகவே மாறிவிடுங்கள், ஆரம்பத்திலேயே தொளதொளப்பாக வாங்காதீர்கள். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை, சாக் விஷயத்தில் நானும் அதையேதானே செய்தேன்.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன்.

வயதைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடையையும் உயரத்தையும் பாருங்கள். ஜிப்பை மூடியபின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் உங்கள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். அக்குள் ஓட்டை வழியாக முழங்கை உள்ளே போய்விடக் கூடாது. அடியில் கால் நீட்டிப் புரள இடம் இருக்க வேண்டும். ஆனால் நிற்கும்போது துணி தரையில் புரளக் கூடாது. பாதம் வெளியே வர ஓட்டை விட்ட வகையும் விற்கிறார்கள், நடக்கிற பிள்ளைகளுக்காக. ஏறுகிற பிள்ளைக்கு அது உதவாது. ஜிப் மேலிருந்து கீழ்நோக்கி மூடும் வகையாகப் பாருங்கள். முகவாயருகே ஜிப் தலை இருந்தால் இந்த வயதில் தானே கழற்றிவிடுவான்.

எடை வைத்துத் தைத்த சாக் வேண்டவே வேண்டாம். நன்றாகத் தூங்குவான் என்று விளம்பரம் செய்வார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே கைக்குழந்தைகளுக்கு அது கூடாது என்று சொல்லிவிட்டது. கிரிப்புக்கு மேலே வலைக் கூடாரம் போடுவதும் வேண்டாம். 2010-ல் பிளேயார்டு என்ற மடக்குத் தொட்டிலுக்கு மேலே போடும் அப்படி ஒரு கூடாரத்தைத் திரும்பப் பெற்றார்கள், காரணம் ஒரு குழந்தையின் சாவு.

சாக் எவ்வளவு சூடு காக்கும் என்பதற்கு டாக் என்ற எண் போட்டிருப்பார்கள். அறை 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் என்றால் 2.5, 20 முதல் 24 என்றால் 1, அதற்கு மேல் 0.5 போதும். ஹீட்டர் ஓடும் நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் 1 போதும், உள்ளே ஒரு பருத்திப் பைஜாமாவோடு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் குறையுங்கள். கோடையில் ஊருக்குப் போகும்போது இதைப் பெட்டியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் இதைப் போடச் சொன்னேன் என்று யாரும் எழுத வேண்டாம். தூளியையும் நான் குறை சொல்லவில்லை, என்னை வளர்த்ததும் தூளிதான்.

லார்ஜ் வாங்கிப் போட்ட பிறகு என் பையன் ஏழு மாதம் ஏறவில்லை. முதல் இரண்டு நாள் முயன்றான், கால் வரவில்லை, உட்கார்ந்துவிட்டான். அழவும் இல்லை. கொஞ்ச நாளில் “சாக்கு” என்று சொல்லிக்கொண்டு அவனே எடுத்து வந்து அம்மிச்சியிடம், அதாவது என் அம்மாவிடம் கொடுப்பான். அம்மா ஜிப்பை மூடிவிட்டுக் கழுத்தில் விரல் விட்டுப் பார்ப்பார். ஊருக்குத் திரும்பும் வரை ஒரு நாளும் அதை விடவில்லை.

ஆனால் இதைப் பூட்டு என்று நம்பிவிடாதீர்கள். உயரம் 35 அங்குலம், அதாவது 89 சென்டிமீட்டர் வந்துவிட்டால், அல்லது சரியான அளவு சாக் போட்டும் ஒருமுறை ஏறிவிட்டால், கிரிப்பின் காலம் முடிந்தது. சாக்கோடு விழுந்தால் கையை ஊன்ற முடியும், காலை ஊன்ற முடியாது. நாங்கள் இரண்டு வயது இரண்டு மாதத்தில் தரையில் மெத்தை போட்டுவிட்டோம். அதற்கு முன்பே அலமாரியைச் சுவரோடு திருகி, ஜன்னல் திரைக் கயிற்றை எட்டாமல் மேலே கட்டியாகிவிட்டது.

இன்றைக்குப் பையனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பாருங்கள். 82, 83 என்றால் சாக் வாங்குங்கள். 88 என்றால் அந்தப் பணத்தில் ஒரு சின்ன மெத்தை வாங்கிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், கிரிப்புக்குள் இருக்கும் பெரிய பொம்மைகளை முதலில் வெளியே எடுங்கள். அதன் மேல் ஏறி நின்றுதான் எல்லாப் பிள்ளைகளும் ஆரம்பிக்கிறார்கள்.