வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் எல்லோரும் ஜார்ஜ் வாஷிங்டனின் வழிவந்தவர்களா?

உடன் பணிபுரியும் கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் குடும்பப்பெயர் வாஷிங்டன் என்றும், அவர் முதல் குடியரசுத் தலைவரின் வம்சத்தவராக இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் வம்சத்தவராக எவரும் இருக்க இயலாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய உடன்பிறந்தார் வழியில் வந்தவர்கள் உண்டு. ஆயினும் அந்தப் பெயரைத் தாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் அவ்வழியிலும் வந்தவர்கள் அல்லர். அந்தப் பெயர் தொடக்கத்திலிருந்தே இரத்த உறவைவிட இடத்தையும் விருப்பத்தையும் ஒட்டியே பரவியிருக்கிறது என்பதால், அதன் பயணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாஷிங்டன் என்பது முதலில் ஓர் ஊர். இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹம் மாவட்டத்தில் இருந்த அந்தக் கிராமம் இப்போது சண்டர்லாந்து மாநகரத்தின் பகுதியாகிவிட்டது. வஸ்ஸா என்ற ஆங்கிலோ சாக்சன் ஒருவனைச் சார்ந்தோரின் குடியிருப்பு என்பதே பெயரின் பொருள் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஈற்றில் வரும் ‘டன்’ ஏறத்தாழ நம் ‘பட்டி’, ‘பாடி’ போன்றது. ஆக, யாரென்றே தெரியாத ஒரு மனிதனின் பெயர் ஊருக்காகி, அந்த ஊரின் பெயர் ஒரு குடும்பத்துக்காகி, அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருவரால் மீண்டும் ஒரு தலைநகரத்துக்கும் ஒரு மாநிலத்துக்கும் ஆகியிருக்கிறது.

குடும்பப்பெயரான கதை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டர்ஹம் ஆயரின் (பிஷப்பின்) நிலங்களையும் அவற்றுக்குரிய கடமைகளையும் பதிவு செய்த 1183ஆம் ஆண்டுப் பேரேடு ஒன்றில், ஹெர்ட்பர்ன் ஊரைச் சேர்ந்த வில்லியம் என்பவர் தம் ஊரை ஆயரிடம் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றுக்கொண்டார் என்றும், ஆண்டுக்கு நான்கு பவுண்டு செலுத்துவதோடு ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களுடன் செல்ல வேண்டும் என்றும் காணப்படுகிறது. இந்தக் குறிப்பில் என்னை ஈர்ப்பது நாய்கள் அல்ல, பெயர்மாற்றம். நிலம் மாறியதும் ஹெர்ட்பர்ன் வில்லியம் வாஷிங்டன் வில்லியம் ஆகிவிட்டார். நம் பெயருக்கு முன் நிற்கும் ஊரின் தலைப்பெழுத்து குடிபெயர்ந்த பின்னும் மாறுவதில்லை. அவர்களுக்கோ அன்று பெயர் நிலத்தோடு ஒட்டியிருந்தது. அது தலைமுறை தலைமுறையாக உறைந்து போனது பிற்பாடுதான்.

உறைந்த பிறகு பெயர் ஊரைவிட்டு வெளியேறியது. ஒரு கிளை லங்காஷயரின் வார்ட்டன் பகுதிக்குச் சென்றது. அங்கிருந்து தெற்கே வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகத்தில் பொருளீட்டி, 1532இல் நார்தாம்டன் நகரின் மேயராகி, மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் என்னும் ஊரை வாங்கினார். அவருடைய வழியில் வந்த மற்றொரு லாரன்ஸ் எசெக்ஸில் பங்குத்தந்தையாக இருந்தார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643இல், குடிப்பழக்கம் உள்ளவர் என்று குற்றஞ்சாட்டி, மன்னரை எதிர்த்த பியூரிட்டன் என்னும் சமயத் தரப்பினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அரசியல் பகைக்கு அது ஒரு சாக்கு என்றே நான் நினைக்கிறேன். அவருடைய மகன் ஜான் புகையிலைக் கப்பல் ஒன்றில் பணிபுரிந்து 1650களின் பிற்பகுதியில் வர்ஜீனியாவை அடைந்து அங்கேயே தங்கிவிட்டார். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவர் கொள்ளுத்தாத்தா.

இதுவரை வந்தது ஒரே குடும்பத்தின் கதை. ஆனால் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயருடன் 1,63,036 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். இதைக் கேட்டதும், முன்னாள் அடிமைகள் எசமானரின் பெயரை ஏற்றார்கள், எனவே இவர்களின் முன்னோர் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகள் என்று பலரும் முடிவுகட்டுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தாலே அது பொருந்தாது. 1799இல் அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அவருக்கே உரிமையானவர்களாக இருந்து உயிலின் மூலம் விடுதலை பெற்றோர் அவர்களில் ஒரு பகுதியினரே. வாஷிங்டன் உறவினர் பலரும் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. பின்னர் பண்ணைக்கு உரிமையாளரான, ஜார்ஜின் உடன்பிறந்தார் மகன் புஷ்ராட், 1821இல் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை விற்றார். அந்த வழியில் பெயர் பெற்ற குடும்பங்கள் இருக்கக்கூடும்.

பெரும் பெருக்கம், அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த 1865க்குப் பின், மக்கள் தாமே பெயர் தேர்ந்துகொண்டபோது நிகழ்ந்தது. அடிமையாகப் பிறந்து, பின்னாளில் புகழ்பெற்ற கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் தன்வரலாற்றில் எழுதியிருப்பது இதற்குத் தெளிவான சான்று. பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டபோது, மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களாவது இருப்பதையும் தமக்கு ஒன்றே இருப்பதையும் கவனித்து, தம் முறை வந்ததும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அவருடைய வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன், குடும்பப்பெயர் பெர்குசன். (விருப்பத்தால் பெயர் வைப்பது நம்மிடமும் உண்டு: சென்னைக் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு, தமக்கு உதவிய பி.டி. வாஷிங்டன் என்ற முன்னாள் இராணுவத்தினரின் நினைவாகத் தந்தை அந்தப் பெயரை இட்டார்.)

உங்கள் நண்பருக்குத் தம் முன்னோரைத் தேடும் ஆவல் இருந்தால், பெயரிலிருந்து தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்னாள் அடிமைகளில் பெரும்பாலோரைப் பெயரோடு பதிவுசெய்த முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. அதில் குடும்பம் வாழ்ந்த ஊரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பின், விடுதலை பெற்றோருக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய சேமிப்பு வங்கியின் பேரேடுகளைப் பார்க்கலாம். கணக்குத் தொடங்கியவரின் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியவற்றோடு, பல பதிவுகளில் முன்னாள் எசமானரின் பெயரையும் எழுத்தர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.