ஒரு மாநிலத்தில் குற்ற எண்ணிக்கை அதிகமென்றால் அங்கே வாழ்வது ஆபத்து என்று அர்த்தமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை அதிகமாக உள்ள மாநிலத்தைப் பாதுகாப்பில்லாத மாநிலம் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல முடியாது. அந்த அறிக்கை காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை எண்ணுகிறது. நடந்த குற்றங்களை அல்ல. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நான் ஸ்டேஷனில் புகார்களை எழுதிப் பதிகிற போலீஸ்காரரான ரைட்டரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ராத்திரி எட்டரை மணி இருக்கும். பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பைக்கில் வந்த இரண்டு பேர் என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் யாரும் என்னை விரட்டவில்லை. ரைட்டர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துக்கொண்டே வந்தவர், ‘பறித்துச் சென்றனர்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தார். “தம்பி, இதை மட்டும் ‘வழியில் தவறவிட்டேன்’னு மாத்தி எழுதிக் குடுங்க. சி.எஸ்.ஆர். உடனே போட்டுத் தர்றேன். புது சிம் வாங்க அது போதும்” என்றார். மாற்றி எழுதிக் கொடுத்தேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்டால்தான் வழக்கு, வழக்கு இருந்தால்தான் கணக்கு. ஒரு வழிப்பறி, என் கையெழுத்தோடு, நடக்காததாகிவிட்டது.

அந்த ரைட்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வழக்கு ஏறினால் கிரைம் மீட்டிங்கில் மேலதிகாரி இன்ஸ்பெக்டரைத்தான் கேட்பார். ‘எண்ணிக்கை கூடினால் நிர்வாகம் மோசம்’ என்று சட்டசபையிலும் டிவியிலும் பேசப்பேச, பதிவு செய்யாமல் இருப்பதற்கான நெருக்கடிதான் கூடுகிறது. ஒழுங்காக எஃப்.ஐ.ஆர். போடுகிற மாநிலம் பட்டியலில் மேலே ஏறிக் கெட்ட பெயர் வாங்குகிறது. வழக்குப் பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. செய்திகளில் அந்த வரி வருவதில்லை.

டெல்லியைப் பாருங்கள். அங்கே 2012-ல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 706. அடுத்த ஆண்டு 1,636. ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் நடந்தது, ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த 2012 டிசம்பர் கொடூரம். அதன்பின் நாடே கொதித்தது, 2013-ல் சட்டம் திருத்தப்பட்டது, குற்றத்தின் வரையறை விரிந்தது, இப்படிப்பட்ட புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை உண்டு என்றானது. அதுவரை வாய் திறக்காத பெண்கள் ஸ்டேஷன் படியேறினார்கள். அந்த உயர்வின் பெரும்பகுதி அதுதான் என்பது என் கணிப்பு. அதை ‘குற்றம் பெருகிவிட்டது’ என்று மட்டும் படித்தால், புகார் கொடுக்கத் துணிந்தவர்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

2020 இன்னொரு விதம். நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் 28 சதவீதம் கூடி 66 லட்சத்தைத் தாண்டின. வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடத்தில் எப்படி? அரசு உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவு வழக்குகள் 29,469-லிருந்து 6,12,179 ஆகியிருந்தன. பெரும்பாலும் ஊரடங்கு வழக்குகள். அதே வருடம் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் சுமார் 8 சதவீதம் குறைந்ததாக அறிக்கை சொல்கிறது. அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் பூட்டப்பட்டவள் எந்த பஸ் ஏறி எந்த ஸ்டேஷனுக்குப் போவாள்?

இது ஊரடங்குக்கு மட்டும் உரியதும் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது, திருமணமானவர்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது 38 சதவீதம். நாட்டளவில் வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்களே 14 சதவீதம்தான், அதுவும் பெரும்பாலும் அம்மா வீட்டில். இந்தக் கணக்கு போலீஸ் ஏட்டில் எங்கே தெரியும்?

அப்புறம் எண்ணும் முறை. ஒரே எஃப்.ஐ.ஆரில் வீடு புகுந்து கொள்ளையடித்து ஆளையும் கொன்றிருந்தால், பெரிய குற்றமான கொலை மட்டுமே கணக்கில் ஏறும். லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதமும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் கணித்ததுதான்.

சரி, எதை நம்புவது? மாநிலங்களை ஒப்பிட வேண்டுமானால் நான் முதலில் கொலை எண்ணிக்கையைப் பார்ப்பேன். பிணத்தை ‘தவறவிட்டேன்’ என்று எழுத வைக்க முடியாது. சந்தேக மரணமாகவே கிடப்பில் போகிறவை உண்டு, ஆனாலும் மற்றவற்றைவிட இது உண்மைக்கு நெருக்கம். இங்கிலாந்தில் 1980-களிலிருந்தே வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்கும் கணக்கெடுப்பு இருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தொடர்ந்து நடத்தப்படுவது இல்லை. அது வந்தே ஆக வேண்டும்.

அதுவரை, உங்களுக்கு ஏதாவது நடந்தால் மனுவில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிக் கொடுக்காதீர்கள். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சிலவகைக் குற்றங்களுக்கு மட்டும் 14 நாள் முதற்கட்ட விசாரணை உண்டு. ஸ்டேஷனில் மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது, கேட்டு வாங்குங்கள்.