ஒரே கிட்டாரிலும் ஒரே ஆம்பிலும் ப்ளூஸின் பலவகைத் தொனிகளைப் பெற முடியுமா?

தம்மிடம் மூன்று சிங்கிள் காயில் பிக்அப்கள் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட காந்தங்கள்) உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிட்டாரும், இரண்டு ஈஎல்84 வால்வுகளில் (மின்னலையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களில்) இயங்கும் 15 வாட் ஆம்பும் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவியும்) இருப்பதாகக் கேள்வி கேட்டவர் சொல்கிறார். அமெரிக்க ப்ளூஸ் இசைக் கலைஞர் பி.பி. கிங்கின் இனிமையும் வேண்டும், டெக்சஸ் பாணியின் முரட்டுத்தனமும் வேண்டும்; சேர்த்து வைத்திருக்கும் 1,500 வெள்ளியைப் (ரிங்கிட்) புதிய பிக்அப்பில் போடுவதா, வேறு ஆம்பில் போடுவதா என்பது அவர் கேள்வி. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மின்பணியாளன். திருவிழாக்களிலும் கல்யாண விருந்துகளிலும் வாசிக்கும் ஒரு சிறு குழுவில் பதினெட்டு ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். இப்போதைக்கு அந்தப் பணத்தை இரண்டிலுமே போட வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்களிடம் இருக்கும் பொருள்களுக்குள்ளேயே நீங்கள் கேட்கும் இரண்டு தொனிகளும் இருக்கின்றன. ஆம்பின் குமிழ்களை எந்த அளவில் நிறுத்தி வைப்பது என்பதும், பிக்அப்பைத் தந்தியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதும் பிடிபட்டால் அவை வெளியே வரும்.

இதை நான் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். கிட்டார் மெலிந்து ஒலிக்கிறது என்று நினைத்து, ஒரு கடைக்காரர் சொன்ன பேச்சை நம்பி, பீங்கான் காந்தம் பொருத்திய, ஏறக்குறைய 14 கிலோஓம் மின்தடை கொண்ட பிக்அப் ஒன்றை வாங்கிப் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) பக்கம் பொருத்தினேன். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்அப்பின் மின்தடை பொதுவாக 6 கிலோஓமை ஒட்டியே இருக்கும். புதிய பிக்அப்பின் வெளியீடு அவ்வளவு கனமாக இருந்ததால், மெல்லத் தொட்டாலும் அழுத்தி அடித்தாலும் ஆம்ப் ஒரே அளவில் கரகரத்தது. ஓங்கிக் கத்த மட்டுமே தெரிந்த ஒருவரைத் தாலாட்டுப் பாட அழைத்தது போல ஆகிவிட்டது. ஆறு மாதத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன்.

ப்ளூஸ் கிட்டாரின் உயிர், ஒலி தெளிவாக இருப்பதற்கும் கரகரக்கத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வால்வு ஆம்ப் அந்த விளிம்பைத் திடீரென்று தாண்டுவதில்லை. உள்ளே வரும் மின்னலையின் உச்சி வால்வின் எல்லையைத் தொடும்போது அது சட்டென்று வெட்டப்படாமல் மெல்ல மழுங்குவதால், விரலின் அழுத்தம் கூடக் கூட ஒலியும் படிப்படியாகத் தடித்துக்கொண்டே போகிறது. ஆகவே முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழை 6 அல்லது 7இல் வையுங்கள். அதன் பிறகு ஆம்பின் கெயின் குமிழை (உள்ளே வரும் மின்னலையை முன்பகுதியில் எவ்வளவு பெருக்குவது என்பதைத் தீர்மானிப்பது) சிறிது சிறிதாக ஏற்றி, மெல்ல மீட்டும்போது தெளிவாகவும் ஓங்கி அடிக்கும்போது மட்டும் லேசாகக் கரகரப்பாகவும் ஒலிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இனி ஆம்பைத் தொட வேண்டியதே இல்லை. கிட்டாரில் 10க்குப் போனால் தனி வாசிப்புக்கான தடித்த ஒலியும், 4க்கு இறங்கினால் பாடகருக்குப் பின்னால் வாசிக்கும் தெளிந்த ஒலியும் கிடைக்கும். பெரும்பாலானோர் கிட்டாரை 10இல் வைத்துக்கொண்டு ஆம்பைச் சரிசெய்கிறார்கள். அதற்கு மேல் ஏறுவதற்கு அவர்களிடம் படியே மிச்சம் இருப்பதில்லை.

உங்கள் ஆம்பில் கெயின், மாஸ்டர் (மொத்த ஒலியளவு) என்று இரண்டு குமிழ்கள் இருக்குமானால், மாஸ்டரைக் குறைத்துக் கெயினைக் கூட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, மாஸ்டரை நன்றாகத் திறந்து கெயினைக் குறைவாக வைத்துப் பாருங்கள். முதல் வகையில் முன்பகுதியின் சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வுகள் மட்டும் கரகரக்கும். அது தேனீ அடைபட்ட டப்பாவைப் போல ஒலிக்கும். இரண்டாம் வகையில்தான் ஈஎல்84 வால்வுகளுக்கும் அவற்றின் பின்னாலுள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கும் வேலை கொடுக்கிறீர்கள்.

ஆனால் தோட்டத்து வீட்டில் இதைச் செய்வது எளிதன்று என்பதை நான் அறிவேன். நான் வளர்ந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காலை ஐந்து மணிக்குப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். 15 வாட் என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும் காதுக்கு அது சிறியதன்று. ஒலி இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 50 வாட் ஆம்புக்குப் பாதியாகக் கேட்பது 25 வாட் அன்று, 5 வாட்தான். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரு வாட் மின்சாரத்திலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபலுக்குக் குறையாமல் ஒலிப்பவை. அதனால் உங்கள் ஆம்பின் விளிம்பை வீட்டில் எட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாசலை எட்டிவிடுவார். பிற்பாடு பணம் செலவழிக்க விரும்பினால், 3 டெசிபல் உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரை வாங்கி மாட்டுவது வாட்டைப் பாதியாக்குவதற்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் அளவுக்குப் பொருந்த வேண்டும்.

என் வழி வேறாக இருந்தது. பிற்பகல் மழை தகரக் கூரையில் கொட்டும்போது யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால், அந்த நேரத்தில் ஆம்பைத் திறந்து வாசிப்பேன். (இடி இறங்கும் மழையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், மின்பணியாளன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியாது.) அதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. மழையின் இரைச்சல் உச்ச ஒலிகளை மூடிவிடுவதால் டிரெபிள் குமிழை நான் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தேன். அதே அமைப்பில் சிமெண்டுத் தரையும் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட டேவானில் (பொது மண்டபத்தில்) வாசித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து தொனியை முடிவு செய்யும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் நான்கைந்து மீட்டர் தள்ளி, அதன் உயரத்துக்கே குனிந்து கேட்கிறேன். நாம் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒலி முழங்காலுக்குப் போகிறதே தவிரக் காதுக்கு வருவதில்லை. கிட்டார் ஸ்பீக்கரின் உச்ச ஒலிகள் ஒரு குறுகிய பாதையில் நேராகப் பாய்பவை.

இனிப் பிக்அப்புக்கு வருகிறேன். உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். கழுத்தின் கடைசிக் கட்டையில் (ஃபிரெட்) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்அப்பின் காந்த முனைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கனத்த தந்தியின் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியின் பக்கம் சுமார் 1.6 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கம். கழுத்துப் பக்கப் பிக்அப்பை இதைவிடவும் சற்று இறக்கலாம். பலர் ஒலி பெருகும் என்று நினைத்து அதைத் தந்தியை ஒட்டி ஏற்றிவிடுகிறார்கள். அப்போது காந்தமே தந்தியைப் பிடித்து இழுக்கிறது. கனத்த தந்தியில் மேற்கட்டைகளில் வாசித்தால் ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதிகள் சண்டையிடுவது போல ஒலி தள்ளாடும். என்னிடம் பழுது பார்க்கக் கொண்டுவரப்பட்ட கிட்டார் ஒன்றை அதன் சொந்தக்காரர் கழுத்து வளைந்துவிட்டது, இனி உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்தார். பிக்அப் திருகை இரண்டு சுற்று இறக்கியதும் நோய் போய்விட்டது. கழுத்துப் பக்கத்தை இறக்கிப் பிரிட்ஜ் பக்கத்தைச் சற்று ஏற்றினால் இரண்டின் பலமும் சமமாகும். பிரிட்ஜின் அருகே தந்தியின் அதிர்வு குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். ஒரு திருப்புளிக்கு மேல் இதற்குச் செலவில்லை.

கேபிளும் தொனியில் பங்கு கொள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரணக் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. அது பிக்அப் சுருளுடன் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு முகட்டை, அதாவது ஒலி எடுப்பாகக் கேட்கும் ஓர் அதிர்வெண்ணை, உண்டாக்குகிறது. 6 மீட்டர் கேபிளுடன் ஸ்ட்ராட் பிக்அப்பின் முகடு 4,000 ஹெர்ட்ஸ் அருகிலும், ஹம்பக்கரின் (முனகலை ரத்து செய்யும் இரட்டைச் சுருள் பிக்அப்பின்) முகடு 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழும் விழும். ஒன்று கண்ணாடி போலவும் மற்றது தேன் போலவும் ஒலிப்பதற்கு இது முக்கியமான காரணம். கேபிளை நீளமாக்கினால் முகடு கீழே இறங்கி, உங்கள் சிங்கிள் காயில் ஹம்பக்கரை நோக்கிச் சில அடிகள் நடந்து வரும். வால்யூமைக் குறைக்கும்போது ஒலி மங்குவதற்கும் இதே மின்தேக்கம்தான் காரணம். வால்யூம் பொட்டின் (குமிழின் அடியிலுள்ள மாறும் மின்தடையின்) உள்வரும் முனைக்கும் வெளியேறும் நடு முனைக்கும் இடையே சில நூறு பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் அந்த மங்கல் பெரும்பாலும் தீரும்.

பி.பி. கிங்கின் தொனிக்கு வால்வு ஆம்ப் இல்லாமல் முடியாது என்று சொல்பவர்களிடம் நான் ஒரு செய்தியைச் சொல்வதுண்டு. அவர் பல ஆண்டுகள் விரும்பிப் பயன்படுத்திய லேப் சீரிஸ் எல்5, முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர் ஆம்ப். அவருடைய கிட்டார் கிப்சன் இஎஸ்-355 வகை. சேத் லவர் 1955இல் வடிவமைத்து, 1957இல் கிப்சன் கிட்டார்களில் வரத் தொடங்கிய ஹம்பக்கர்கள் அதில் இருந்தன. 1980இல் அவர் பெயரில் வந்த மாதிரியில், ஸ்பீக்கரின் ஒலி கிட்டாருக்குள் திரும்பப் புகுந்து எழும் அலறலைத் தடுக்க உடலின் ஒலித்துளைகளையே மூடிவிட்டார்கள். உங்கள் கிட்டாரில் இதை நெருங்க வேண்டுமானால், கழுத்துப் பக்கப் பிக்அப்பில் டோன் குமிழை 6 அளவுக்கு இறக்கி, வால்யூமை 7இல் வைத்து, பிளெக்ட்ரமை ஓங்காமல் மீட்டுங்கள். மற்றது இடக்கையில் இருக்கிறது: மூன்றாம் சுரத்தைக் கோமளத்துக்கும் தீவிரத்துக்கும் நடுவே தொங்கவிட்டு அசைப்பது. கோயிலில் நாதஸ்வரம் காந்தாரத்தை அசைப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. அந்த வித்வான் கச்சேரிக்கு முன் பல சீவாளிகளை ஊதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உண்மைதான், ஆனால் சீவாளிக்காக யாரும் அவரை அழைப்பதில்லை.

டெக்சஸ் முரட்டுத்தனத்துக்குக் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாஹன் வழிகாட்டி. அவர் 0.013 அங்குலத்தில் தொடங்கும் கனத்த தந்திகளை மாட்டி, சுருதியை அரைச் சுர இடைவெளி இறக்கி வாசித்தார். ஆம்புக்கு முன்னால் ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் பெடலை (ஒலியை மாற்ற, காலால் இயக்கும் சிறு பெட்டியை) வைத்திருந்தார். உங்கள் விரல்களை வதைக்க வேண்டாம், 0.010இல் தொடங்கும் கட்டும் போதும். அந்தப் பெடலில் டிரைவை (கரகரப்பின் அளவு) ஏறக்குறைய பூஜ்யத்தில் வைத்து லெவலை (வெளியீட்டின் அளவு) ஏற்றுங்கள். அது கனத்த ஒலிகளைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு ஒலிகளை முன்னால் தள்ளி, ஏற்கனவே விளிம்பில் நிற்கும் ஆம்பை மறுபக்கம் தள்ளிவிடும். அந்த வகையைச் சேர்ந்த பெடல் ஒன்றைப் பழையதாக வாங்கினால் உங்கள் தொகையில் சிறு பகுதிதான் போகும்.

சிங்கிள் காயிலின் முனகலை எல்லா நிலைகளிலும் மறைக்க வழியில்லை, குறைக்க வழியுண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் முனகல் அந்தச் சுருதியிலும் அதன் மடங்குகளிலும் வரும். நின்ற இடத்திலேயே உடலைத் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் அது அடங்கும். நடுப் பிக்அப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டு அதன் காந்த முனையும் எதிராக இருந்தால், இரண்டு பிக்அப்கள் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் முனகல் மறைந்துவிடும். செப்புத்தாள் ஒட்டுவது குழல்விளக்கின் சடசடப்பைக் குறைக்கலாம்; டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அது தடுக்காது.

அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்ப் வரவழைக்கும் எண்ணம் இருந்தால், அது 120 வோல்ட்டுக்கானதா என்று முதலில் பாருங்கள். நம் சுவரிலுள்ள மின்சாரத்தில் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் ஃபியூஸுடன் முடிந்தால் அதிர்ஷ்டம். எந்த வால்வு ஆம்பையும் அணைத்த பிறகும் திறந்து கை வைக்காதீர்கள். உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

கிட்டாருக்குள் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு, அதில் ஆபத்தும் இல்லை. பழைய முறை ஸ்ட்ராட் இணைப்பில் பிரிட்ஜ் பிக்அப்புக்கு டோன் குமிழே கிடையாது; காதைக் குத்துகிறது என்று பலர் அதை வெறுப்பதும் பிறகு மாற்றுவதும் இதனால்தான். சுவிட்சில் ஒரு சிறு கம்பித் துண்டைப் பற்றவைத்து இரண்டாம் டோன் குமிழைப் பிரிட்ஜுக்கும் இணைத்து, அதை 5 அல்லது 6இல் வைத்து ஒரு மாதம் வாசியுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் எந்தப் பிக்அப் என்று கேளுங்கள், அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தமும் 7 கிலோஓமை ஒட்டிய மின்தடையும் உள்ளவற்றிலிருந்து பேசத் தொடங்கலாம்.