குடிதண்ணீரில் மாத்திரை, சோப்பு ரசாயனம் எல்லாம் கலந்திருக்கிறதாமே, அப்படியென்றால் என்ன?

அளவிடக் கருவி இருப்பதால் மட்டுமே தெரிகிற அளவுக்குத் தண்ணீரில் கிடக்கும் மருந்து, ஷாம்பு, கைகழுவும் திரவம் போன்றவற்றின் மிச்சம்தான் இது. லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று சொல்வார்கள், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

எங்கள் கடலூர் பக்கத்து வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 1.465 டிஎம்சி, அதாவது சுமார் 4,150 கோடி லிட்டர். முழுசாக நிரம்பியிருக்கும்போது 500 மில்லிகிராம் மாத்திரை ஆயிரத்தைப் பொடித்துப் போட்டுக் கலக்கினாலும் லிட்டருக்குச் சுமார் 12 நானோகிராம்தான் வரும்.

சரி, எப்படி வருகிறது? சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை உடம்பு உடைப்பதே இல்லை, அப்படியே சிறுநீரில் போய்விடும், அது செப்டிக் டேங்க் வழியாகவோ சாக்கடை வழியாகவோ ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது மலக்கழிவை நீக்கத்தான், மாத்திரையைப் பிடிக்க அல்ல. பழைய மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டுகிறவர்களும் உண்டு (எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது).

இந்த அளவுகளால் மனிதர்களுக்குக் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 2012இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆற்று மீன்கள் விஷயம் வேறு, அவை நாள் முழுக்க அதிலேயே கிடக்கின்றன.

அப்புறம், கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமிதான் சாகும், மருந்து பெரும்பாலும் அங்கேயே நிற்கும், தண்ணீர் ஆவியாவதால் அடர்த்தி ஒரு துளி கூடவே செய்யும்.