பாட்டை அனுப்பலாம், எழுதிக் கொடுக்க வேண்டாம்

அம்மாப்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகன் சொந்தமாக மெட்டுப் போடுகிறான், ஏற்காட்டில் இறுதிச் சுற்று நடக்கப்போகும் இசைப் போட்டியில் கலந்துகொள்ளத் துடிக்கிறான், 1,500 ரூபாய் கட்டணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கட்டணத்தைவிட அதிலுள்ள ஒன்பதாவது நிபந்தனைதான் எனக்குக் கவலை தருகிறது. போட்டிக்கு வரும் பாடல்கள் எல்லாம் நிரந்தரமாக, உலகம் முழுவதும், அமைப்பாளருக்கே சொந்தம் என்கிறது அது. ஜெயித்த பாட்டு மட்டுமில்லை, முதல் சுற்றிலேயே கழித்துவிட்ட பாட்டும் போய்விடும்.

உங்கள் வீட்டுக்காரர் நெய்த பட்டுச் சேலையைக் கண்காட்சிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசும் வரவில்லை, சேலையும் திரும்பி வரவில்லை என்றால் சும்மா இருப்பீர்களா?

மெட்டுப் போட்டவரே அதன் முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். பதிவு செய்தால்தான் உரிமை என்றில்லை, உருவான நிமிடமே அது அவனுடையது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது போட்ட பாட்டு பொதுவாக முதலாளிக்குப் போகும். உங்கள் மகன் யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை, இவன்தான் அவர்களுக்குப் பணம் கட்டுகிறான். அந்த உரிமை அவன் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் வரக்கூடிய சொத்து, அம்மா. 17 வயதில் ஒரு படிவத்தோடு போகக் கூடாது.

உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எல்லை வைத்திருக்கிறது. 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று எழுதி அந்தப் பாதுகாப்பைத்தான் இவர்கள் தாண்டுகிறார்கள். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது, அதனால்தான் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

2012-இல் இந்தச் சட்டத்துக்கு வந்த திருத்தம் உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் தரும். ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டுக்கு வரும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்குக் கிடைக்கும் பணத்தில், இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் உள்ள சம பங்கை, வாரிசுக்கோ, படைப்பாளிகளுக்காக அதை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. உரிமையே கைமாறினாலும், இது என் படைப்பு என்று பெயர் கேட்கும் உரிமை அவனிடமே இருக்கும். ஆனால் சட்டம் இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கோர்ட்டுப் படி ஏறும் நிலை உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

போட்டி நடத்த அவர்களுக்கு அனுமதி இருந்தால் போதும், சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. அதனால் மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: 'போட்டிக்கும் அதன் விளம்பரத்துக்கும் ஓராண்டு மட்டும் இந்தப் பாடலைப் பயன்படுத்தலாம், உரிமை படைத்தவரிடமே இருக்கும், தேர்வாகாத பாடலுக்கு முடிவு வெளியான அன்றே அனுமதி முடியும் என்று மாற்றித் தருவீர்களா?' கூடவே நடுவர்கள் யார், மதிப்பெண் எப்படி, லைக்கும் ஓட்டும் எத்தனை பங்கு என்றும் கேளுங்கள். லைக்கை வைத்து முடிவு செய்யும் போட்டியில் சொந்தக்காரர் அதிகம் உள்ள பிள்ளைதான் முன்னே நிற்கும். இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்பவர்களை நம்பலாம். மழுப்பினால் 1,500 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். சொந்தப் பாட்டு கேட்காத, பாடும் திறமையை மட்டும் பார்க்கும் மேடைகள் சேலத்திலேயே கிடைக்கும்.

மகனிடமும் சில விஷயம் பேசுங்கள். வரிகளை நண்பன் எழுதினான் என்று சொன்னீர்கள். மெட்டும் வரிகளும் சட்டப்படி தனித்தனிப் படைப்புகள். நண்பன் சம்மதம் இல்லாமல் பாட்டை எங்கும் அனுப்பக் கூடாது, யாருக்கு எவ்வளவு என்று இப்போதே ஒரு தாளில் எழுதி இருவரும், இரண்டு வீட்டுப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். நட்பு கெடாமல் இருக்கவும் இதுதான் வழி. யூடியூபில் இறக்கிய பீட்டை (பின்னணித் தாள இசையை) போட்டிருந்தால் அதன் நிபந்தனையைப் படிக்கட்டும், இலவசமாக இறக்கியது எல்லாம் போட்டிக்கு உதவாது. ஒலிப்பதிவின் உரிமை பதிவுக்குப் பொறுப்பேற்றுச் செய்தவருக்குப் போகும் என்பதால், ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்த ரசீது பத்திரமாக இருக்கட்டும். மெட்டு முதலில் பதிவான கைபேசிக் கோப்பையும் அழிக்க வேண்டாம், நாளை சண்டை வந்தால் தேதியோடு சாட்சி சொல்வது அதுதான். மிக நல்ல பாட்டு என்றால் 500 ரூபாய் கட்டணத்தில் இசைப் படைப்பாகப் பதிவும் செய்யலாம்.

போட்டிக்கு அனுப்பாவிட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. இசையில் வாழ நினைப்பவனுக்குக் கோப்பையைவிடக் கையில் மிஞ்சும் பாட்டுகள்தான் மூலதனம். படிப்புக்கும் வழி இருக்கிறது: சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. அவன் பாட்டுகள் வெளியாகத் தொடங்கிய பிறகு, 1969 முதல் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராவதைப் பற்றிப் பேசுவோம்.

அமைப்பாளரின் பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.