வெளியிலிருந்து வரும் அழைப்பை கேட்கீப்பர் ஏற்க என்ன செய்யணும்?

நாகர்கோவில் ஆபீஸில் ஜிஎன்யு கேட்கீப்பர் (ஹெச்.323 முறையில் வரும் வீடியோ, குரல் அழைப்புகளை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) ஓடுகிறது, உள்ளுக்குள் எல்லாம் சரி, மார்த்தாண்டத்தில் வேறு நெட்டிலிருந்து கூப்பிட்டால் மட்டும் உடனே கட் ஆகிறது என்கிறீர்கள். தன்னிடம் பதிவு செய்யாத கருவியின் அழைப்பை அது இயல்பாகவே தள்ளிவிடும், அவ்வளவுதான்.

கான்ஃபிக் ஃபைலில் ரூட்டட்மோட் பகுதியில் ஜிகேரூட்டட், ஹெச்245ரூட்டட், ஆக்செப்ட்அன்ரிஜிஸ்டர்ட்கால்ஸ் மூன்றையும் 1 ஆக்குங்கள். ப்ராக்ஸி பகுதியில் எனேபிளும் 1. ரூட்டட்மோட் பகுதியிலேயே கால்சிக்னல்போர்ட்டை 1720 என்று கொடுங்கள். ரவுட்டரில் அழைப்பு வரும் டிசிபி 1720 போர்ட்டை கேட்கீப்பர் மெஷினுக்குத் திருப்பிவிட வேண்டும். யுடிபி 1719 பதிவுக்கானது, வெளியாளுக்கு அது தேவையே இல்லை, எனவே மூடியே இருக்கட்டும்.

அழைப்பு இணைந்தும் படமோ குரலோ வரவில்லை என்றால், பெரும்பாலும் மீடியா போர்ட்தான் சிக்கல்: கான்ஃபிக்கில் ஆர்டிபி (படமும் குரலும் போகும் வழி) போர்ட் ரேஞ்சைச் சின்னதாக வரையறுத்து, அதே ரேஞ்சை ரவுட்டரிலும் திறந்து, எக்ஸ்டர்னல்ஐபி-யில் உங்கள் பப்ளிக் ஐபியைக் கொடுங்கள், அப்புறம் ரவுட்டரின் ஹெச்.323 ஏஎல்ஜி (அழைப்புத் தகவலை ரவுட்டரே இடையில் மாற்றும் வசதி) ஆனில் இருந்தால் அணைத்துப் பாருங்கள். பிராட்பேண்ட் கம்பெனி பப்ளிக் ஐபியே தரவில்லை என்றால் இதெல்லாம் வேலைக்காகாது, முதலில் ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள்.

1720 திறந்தால் கண்டவனும் தட்டிப் பார்ப்பான். டெலிபோன் லைனோடு கேட்வே இணைத்திருந்தால், பதிவில்லாத அழைப்பு அந்தப் பக்கம் போகாதபடி கட்டாயம் தடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஐஎஸ்டி பில் உங்கள் தலையில்தான்.