ஆய்வகக் கட்டடம்: ஐந்து தளமா, நான்கு தளமா?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறேன். உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கென்று தரைத்தளத்தோடு சேர்த்து ஐந்து தளத்தில் தனிக் கட்டடம் வரப்போகிறது. வகுப்பறைக் கட்டடம் போலவே தளத்துக்கு 12 அடி உயரம், எல்லா அறைக்கும் ஸ்பிளிட் ஏ.சி., பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் என்று ஆர்க்கிடெக்ட் வரைந்திருக்கிறார். செல் கல்ச்சர் (உயிரணு வளர்ப்பு), பி.எஸ்.எல்.-2 ஆய்வகம் (நோய்க்கிருமிகளைக் கையாளும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம்), விலங்குக்கூடம், கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் (லேசர் நுண்ணோக்கி) எல்லாம் இதில்தான் வரவேண்டும். சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. ஆனால் உங்கள் ஆர்க்கிடெக்ட் 12 அடி போட்டதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் அவரோடு வீண் சண்டைதான் வரும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். சுற்றிலும் விடவேண்டிய இடம், தீயணைப்பு ஏற்பாடு, அனுமதி என்று எல்லாமே கூடிவிடும். 12 அடி வீதம் ஐந்து தளம் 60 அடி, மீட்டரில் 18.29. மனிதர் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்தியிருக்கிறார்!

வகுப்பறைக்கு அது போதும். ஆய்வகத்துக்கு மேலிருந்து கீழே அளந்து பாருங்கள். ஸ்லாப்போடு சேர்த்து பீம் 2 அடி. அதன் கீழே இன்சுலேஷன் சுற்றிய ஏ.சி. டக்ட் (காற்றுக் குழாய்) ஒன்றரை அடி. அதைக் குறுக்கே வெட்டிப் போகும் ஸ்பிரிங்க்ளர் குழாய், மேல்தளத்து சிங்க்கின் கழிவுக் குழாய், கேபிள் டிரே எல்லாம் சேர்த்து முக்கால் அடி. ஃபால்ஸ் சீலிங் கால் அடி. 12-ல் நாலரை போனால் மிஞ்சுவது ஏழரை. கிருமி வெளியேறாமல் உள்ளே கைவைத்து வேலை செய்யும் பயோசேஃப்டி கேபினட்டை ஸ்டாண்டில் ஏற்றினால், அது மட்டுமே ஏழு அடியைத் தாண்டும். வடிகட்டிய காற்று அதன் தலைவழியாகத்தான் வெளியேறுகிறது; அதற்கு மேலே இன்னும் ஓரடி காலியாக இருக்க வேண்டும்.

அதனால் ஒரு தளத்தைக் குறையுங்கள். 14 அடி வீதம் நான்கு தளம் 56 அடி. மீதி 4 அடியைப் பிளிந்த்துக்கு, அதாவது தரைத்தளத்தை நிலத்திலிருந்து உயர்த்தும் மேடைக்குக் கொடுங்கள். அதே 60 அடிதான், விதியும் மீறவில்லை. "ஒரு தளமே போச்சே" என்று நிர்வாகம் கேட்டால், பேராசிரியர் அறைகளையும் செமினார் ஹாலையும் வகுப்பறைக் கட்டடத்துக்கே அனுப்பிவிடலாம் என்று சொல்லுங்கள். குழாய்க்கு இவ்வளவு உயரமா என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மை வடிவமைத்த லூயிஸ் கான், 1965-ல் முடிந்த கலிஃபோர்னியா சால்க் ஆய்வு நிலையத்தில் ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஆள் நடமாடும் உயரத்தில் ஒரு தளம் வைத்தார். நாம் கேட்பது வெறும் இரண்டடி.

பிளிந்த் உயரம் ஏன் என்று ஓ.எம்.ஆர்.காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளமும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரும் போதும். பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் வைத்தால், கரன்ட் போகிற அதே நாளில் அதுவும் தண்ணீரில் நிற்கும். மேலே மைனஸ் 80 ஃப்ரீசரில் பத்து வருட மாதிரிகள் உருகிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டரும் எலக்ட்ரிகல் பேனலும் பிளிந்த் மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பிளிட் ஏ.சி. அது அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். புதுக் காற்று ஒரு துளி வராது. கரைப்பான்கள் புழங்கும் அறையில் மணிக்கு ஆறு முதல் பன்னிரண்டு முறை காற்று மாற வேண்டும். 10 மீட்டருக்கு ஆறரை, உயரம் 3 மீட்டர் உள்ள ஓர் அறையில் மணிக்கு எட்டு முறை என்றால் 1,560 கனமீட்டர் வெளிக்காற்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டிய தண்ணீர் மணிக்கு 15 முதல் 20 லிட்டர். ஒரே அறைக்கு! சென்னையில் ஆய்வக ஏ.சி.க்குக் குளிரவைப்பதைவிட ஈரத்தை எடுப்பதுதான் பெரிய வேலை. நான் பார்த்த ஒரு செல் கல்ச்சர் அறையில் ஐப்பசி பிறந்தாலே பூஞ்சை வந்துவிடும். பிள்ளைகள் மீடியத்தை (உயிரணு வளரும் திரவத்தை) மாற்றினார்கள், இன்குபேட்டரைக் கழுவினார்கள், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். நான் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க மாலை ஆறு மணிக்கு ஏ.சி.யை அணைத்துக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் ஈரக்காற்று உள்ளே ஏறும், காலையில் ஏ.சி. போட்டதும் குளிர்ந்த டக்ட் வியர்த்துச் சொட்டும். கல்ச்சர் அறைக்கு 24 மணி நேரமும் ஓடும் தனி ஏ.எச்.யு. (காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் இயந்திரம்) கேளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா அறைக்கும் முழு வெளிக்காற்று போட்டுவிடாதீர்கள், மின்கட்டணம் தாங்காது. பி.எஸ்.எல்.-2 அறையின் ஏ2 வகை பயோசேஃப்டி கேபினட், ஹெப்பா என்ற நுண்வடிகட்டி வழியே வந்த காற்றை அறைக்கே திருப்பலாம். ஆனால் அதன் வாயில் உள்ள காற்றுத்திரை நொடிக்கு அரை மீட்டர் வேகம்தான். பக்கத்தில் ஒருவர் வேகமாக நடந்துபோனாலே கலைந்துவிடும். அதனால் கதவருகே வேண்டாம், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம். அறையின் உள்மூலை நல்லது. ஃப்யூம் ஹுட்களை (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிகளை) தளத்துக்குத் தளம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஷாஃப்ட்டில் அடுக்குங்கள். ஃபேன் மொட்டைமாடியில்தான் இருக்க வேண்டும்: அப்போது டக்ட்டில் ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளே இழுபடுமே தவிர, நச்சு வெளியே கசியாது. உப்புக்காற்றுப் பகுதி என்பதால் தகர டக்ட் வேண்டாம், பி.பி. எஃப்.ஆர்.பி. (உள்ளே பிளாஸ்டிக், வெளியே கண்ணாடியிழை) டக்ட் போடச் சொல்லுங்கள்.

கன்ஃபோகலுக்குத் தரைத்தளம், அதிர்வு அங்கேதான் குறைவு, 4 அடி பிளிந்த் இருப்பதால் வெள்ளத்துக்கும் ஓரளவு பயமில்லை. ஜெனரேட்டர் மட்டும் கட்டடத்தின் மறுகோடிக்குப் போகட்டும். விலங்குக்கூடம் மேல்தளத்தில், தனி லிஃப்ட், தனி ஏ.எச்.யு.வோடு. சி.சி.எஸ்.இ.ஏ. (விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழு) பதிவுக்கு அதன் வரைபடம் கேட்பார்கள், இப்போதே சரியாகப் போட்டுவிடுங்கள். ஆய்வகக் கதவுகள் 4 அடிக்குக் குறையக் கூடாது. மூன்றடிக் கதவில் மைனஸ் 80 ஃப்ரீசர் மாட்டிக்கொண்டு, புதுத் தேக்கு நிலையை உளி வைத்துப் பெயர்த்ததைப் பார்த்தவன் நான்.

ஆர்க்கிடெக்ட்டிடம் அடுத்த முறை பிளான் கேட்காதீர்கள். பீம், டக்ட், கேபினட் மூன்றும் ஒரே தாளில் தெரிகிற மாதிரி, கட்டடத்தை மேலிருந்து கீழே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் டிராயிங் கேளுங்கள்.